பழனிமுத்து போட்ட கையெழுத்து

பாசல், சுவிற்சலாந்து
12.10.1996, சனிக்கிழமை

அன்புள்ள பாக்கியத்துக்கு,

உம்முடைய சுகத்தைக் கேட்டுத் தொடங்கும் பொறுமை இன்றைக்கு எனக்கு இல்லை. வந்து சேர்ந்துவிட்டேன். உயிரோடு இருக்கிறேன். மிச்சத்தைக் கேளும்.

டுபாயில் நாலு மணித்தியாலம் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தி வைத்தார்கள். அடுத்த விமானத்தில் பக்கத்தில் இருந்தவர் சூரிச் வரும்வரை தன் முழங்கையை என் விலாவிலிருந்து எடுக்கவில்லை. இறங்கும் நேரம் பார்த்தால் கால் இரண்டும் வீங்கிச் சப்பாத்துக்குள் போகவில்லை. நீர் பம்பலப்பிட்டியில் வாங்கித் தந்த புதுச் சப்பாத்தின் குதியை மிதித்துக்கொண்டு, செருப்புப் போல இழுத்து இழுத்துத்தான் ஐரோப்பாவில் கால் வைத்தேன். அறுபத்துமூன்று வயது மனிதனுக்கு நல்ல வரவேற்பு.

சுங்கத்தில் ஒரு நாயை விட்டு என் பெட்டியை மணக்க வைத்தார்கள். நீர் கட்டித் தந்த மிளகாய்த்தூள் பொதியில் மூக்கை வைத்து அது தும்மிய தும்மலில் அந்த அதிகாரி பதறிப்போய் அதன் தலையைத் தடவினான். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெட்டியைத் திரும்பக் கட்டியது நான்.

வெளியே வந்தால் உம்முடைய மகன் பாலனைக் காணவில்லை. ஐம்பது நிமிடம் நின்றேன். பிறகு ஓடி வந்து, "றெயின் பிந்திப்போச்சு அப்பா" என்றான். இந்த நாட்டில் றெயின் பிந்தாது என்று ஐந்து வருடமாக எனக்கு எழுதியவனும் அவன்தான்.

பாசலுக்கு ஒரு மணித்தியாலப் பயணம். பாலன் யன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தான். பிள்ளையின் முகத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று எனக்கு அப்போதே பட்டது. வீடு நாலாம் மாடி, லிப்ட் இல்லை. மருமகள் ரஞ்சினி பாவம், புட்டும் மீன் குழம்பும் வைத்திருந்தாள். பேத்தி ஆரணி என்னைக் கண்டதும் தாயின் பின்னால் ஒளிந்து ஜெர்மன் மொழியில் அழுதாள். கண் இரண்டும் செருகியது. படுக்கப் போனேன், பாலன் விடவில்லை. "இப்ப படுத்தியளெண்டால் ஒரு கிழமைக்கு நித்திரை குழம்பிப் போகும், வாங்கோ ஊர் பாப்பம்" என்று தன் ஜக்கெற்றை எனக்குப் போட்டு இழுத்துக்கொண்டு போனான். அது என் முழங்கால் வரை வந்தது.

ஊர் வடிவுதான், பொய் சொல்லக்கூடாது. பச்சை நிறத்தில் ஒரு பெரிய ஆறு, நம் ஆறுகளைப் போல மெல்லப் போகாமல் எங்கோ நேரம் பிந்திய ஆள் போல ஓடுகிறது. ட்ராமில் இருபது பேர் இருந்தும் ஒரு சத்தம் இல்லை. எந்தச் சந்தியிலும் ஒருவரும் என்னிடம் அடையாள அட்டை கேட்கவில்லை. நானாகவே இரண்டு இடத்தில் சட்டைப் பையில் கை வைத்தேன்.

ஆற்றங்கரையில் ஒரு நீட்டு மர வாங்கில் என்னை இருத்திவிட்டு, பாலன் பைக்குள்ளிருந்து நாலு தாள் எடுத்துத் தந்தான். தமிழில் தட்டச்சு அடித்திருந்தது.

"என்ன இது?"

"உங்கட கேஸ் அப்பா. திங்கட்கிழமை போய் அகதியாய்ப் பதியவேணும். அதுக்குள்ள இதைப் பாடமாக்குங்கோ."

நான் நித்திரை மயக்கத்தில் பிழையாகக் கேட்டேனோ என்று நினைத்தேன். பிறகு வாசித்தேன். இந்த ஊரில் வரதராசா என்று ஒருவர் இருக்கிறாராம். வருகிற எல்லாருக்கும் அவர்தான் கேஸ் எழுதிக் கொடுக்கிறாராம். முதலாம் பக்கத்தில் நான் கிளிநொச்சியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். பிறந்த ஆண்டும் பிழை. இரண்டாம் பக்கத்தில் ஷெல் விழுந்து நீர் இறந்துபோகிறீர். என் விசாப் பத்திரத்தில் நீர் உயிரோடு வெள்ளவத்தையில் இருக்கிறீர் என்பதைக்கூட அந்த மனிதர் யோசிக்கவில்லை. மூன்றாம் பக்கம் என்னைப் பிடித்து வைத்து அடித்த கதை. அதை நான் வாசிக்கவில்லை. பதினொரு எழுத்துப் பிழை வேறு.

பாக்கியம், நான் முப்பத்திரண்டு வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக நின்றவன். எத்தனை ஆயிரம் பேருக்குச் சத்தியம் செய்து வைத்திருப்பேன். சாட்சி ஒரு சொல்லை விழுங்கினால் அதையும் நீதவானுக்குச் சொன்னவன். அப்படிப்பட்டவனை, வந்து இறங்கிய அன்றைக்கே, வீங்கிய காலோடு குளிரில் இருத்தி வைத்துப் பொய் பாடமாக்கச் சொல்கிறான், நான் பெற்ற பிள்ளை.

"நான் மூண்டு மாதம் பேத்தியைப் பாத்திட்டுப் போக வந்தனான். எனக்கென்ன கேஸ்?" என்று கேட்டேன். சத்தம் கூடிவிட்டது போல. ஒரு கிழவி நாயோடு நின்று பார்த்தாள்.

பாலன் தலையைக் குனிந்துகொண்டு, "அம்மா உங்களுக்குச் சொல்லேல்லையோ?" என்றான்.

இதற்குத்தான் இந்தக் கடிதம். வந்த அன்றே, வெளிச்சம் போக முன்னம், குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். உமக்கு இது தெரியுமா? ஓம் அல்லது இல்லை. வேறு விளக்கம் வேண்டாம். என்னுடைய திரும்பும் ரிக்கெற் ஜனவரி ஒன்பதாம் திகதிக்கு. நான் அந்த விமானத்தில் ஏறுவேன்.

உம்முடைய
க. கனகசபாபதி

*

வெள்ளவத்தை
கொழும்பு 6
23.10.1996

அன்புள்ள அத்தானுக்கு,

ஓம்.

இனி நான் விளக்கமும் சொல்வேன், நீங்கள் வேண்டாம் என்றாலும்.

பாலன் சொல்லி நான் சம்மதித்தேன் என்று நினைக்க வேண்டாம். நான்தான் அவனைக் கேட்டேன். மே மாதத்திலிருந்து, நீங்கள் நூலகத்துக்குப் போகிற நேரமாகப் பார்த்து, கீழ்வீட்டு ஜவாஹிறாவின் தொலைபேசியில் கதைத்தேன். அவன் இருவருக்கும் விசா எடுக்கப் பார்த்தான். இருவரும் சேர்ந்து கேட்டால் தரமாட்டார்கள், ஒருவர் இங்கே நின்றால்தான் மற்றவர் திரும்பி வருவார் என்று நம்புவார்கள் என்று சொன்னார்கள். நான் நிற்கிறேன் என்றேன். விசா அலுவலகத்தில் அந்தப் பெட்டை "மனைவி ஏன் போகவில்லை?" என்று கேட்டபோது, "அவவுக்குப் பிளேன் எண்டால் பயம்" என்று நீங்கள் சிரித்துக்கொண்டு சொன்னீர்கள். நானும் பக்கத்தில் இருந்து சிரித்தேன். என்னுடைய பொய் அங்கேயே தொடங்கிவிட்டது.

வரதராசா என்னைச் சாகடித்ததில் எனக்குக் கோபம் இல்லை. அந்த மனிதர் என்னைக் கண்டதுமில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். மற்றப் பக்கங்களில் எழுத்துப் பிழைகூட எண்ணிய நீங்கள் மூன்றாம் பக்கத்தை மட்டும் ஏன் வாசிக்கவில்லை?

பெப்ரவரியில் விசாரணைக்கென்று பொலிஸ்காரர் உங்களைக் கொண்டுபோனார்கள். ஒன்பது நாள். நான் வெயிலில் நின்ற வாசல்களை எல்லாம் எழுதப்போவதில்லை. பத்தாம் நாள் காலை ஓட்டோவில் வந்து இறங்கினீர்கள். "ஒண்டும் நடக்கேல்லை. விசாரிச்சாங்கள், விட்டாங்கள்" என்றீர்கள். உங்கள் சேட்டைக் கழற்ற முடியாமல் நான் கத்தரிக்கோலால் வெட்டினேன். வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க உங்களால் ஏலாது. களுபோவில ஆஸ்பத்திரியில் டொக்டரிடம் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னீர்கள். அவர் உங்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நானும் ஓம், விழுந்தவர்தான் என்றேன். மொழிபெயர்ப்பாளரின் மனைவி அல்லவா, நீங்கள் சொன்னதையே திருப்பிச் சொன்னேன்.

எட்டு மாதமாக உங்கள் தலையை நான்தான் சீப்பால் இழுத்து விட்டேன். காலி வீதியில் ஜீப் ஒன்று கியர் மாற்றினால் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பி நிற்பீர்கள். முழுகும்போது கதவைப் பூட்டுவதில்லை. நான் கேட்டால், "என்ன விசர்க்கதை கதைக்கிறீர்" என்பீர்கள். முப்பத்தைந்து வருடம் சேர்ந்து வாழ்ந்த மனுஷிக்கு நீங்கள் தந்த மரியாதை அதுதான். இப்போது எனக்குச் சத்தியத்தைப் பற்றி எழுதுகிறீர்கள்.

வரதராசாவின் தாள்களைக் கிழித்து எறியுங்கோ, சந்தோஷம். உண்மையைப் போய்ச் சொல்லுங்கோ. உங்களிடம் பொய் கேட்கிற தேவை ஒருவருக்கும் இல்லை.

காலை உயரத்தில் வைத்துக்கொண்டு படுங்கோ, வீக்கம் வத்தும்.

பாக்கியம்

*

பாசல்
3.11.1996

பாக்கியம்,

உம்முடைய கடிதம் கிடைத்தது.

அந்த ஒன்பது நாளைப் பற்றி இனி எனக்கு எழுத வேண்டாம். உமக்குத் தெரியாத விஷயத்தை வைத்து எனக்கு வழக்குப் பேச வேண்டாம். ஆஸ்பத்திரியில் டொக்டர் யாரைப் பார்த்தார் என்றெல்லாம் கணக்கு வைத்திருக்கிறீர்; நல்லது.

என்னை இங்கே கப்பலேற்றிவிட்டு நீர் அங்கே பணயமாக இருக்கிறீர் என்பது வந்து இறங்கிய பிறகுதான் எனக்குத் தெரிகிறது. யாரைக் கேட்டு? இரண்டு அறை வீட்டில் வயதுபோன மனுஷி தனியே, எந்த நேரத்தில் எவன் கதவைத் தட்டுவான் என்று தெரியாத ஊரில். ஆற்றங்கரையில் இருந்து பாண் தின்னும் ஆள் நான். இந்த ஊரில் எனக்கு எல்லாம் தருகிறார்கள். குளிருக்குக் கம்பளிச் சேட், பேத்திக்கு என் மூக்கைப் பிடித்து இழுக்கும் துணிவும் வந்துவிட்டது. நான் இரவில் உம்முடைய கதவை யார் தட்டுகிறான் என்று கேட்டுக்கொண்டு படுக்கிறேன்.

பாலனோடு கதைப்பதை நிறுத்தி ஒரு கிழமை. வரதராசா என்ற அந்த ஆள் வீட்டுக்கே வந்தார். "ஐயா, உங்கட வயதுக்கு லேசாய்க் குடுப்பாங்கள்" என்றார். தாளைத் திருத்தி, பிழைகளுக்குச் சிவப்பால் கோடிட்டு அவர் கையில் கொடுத்தேன். அதன் பிறகு அவர் தேத்தண்ணீர் குடிக்கவில்லை.

நேற்று நானே விமானக் கந்தோருக்குப் போய் ரிக்கெற்றை மாற்றிவிட்டேன். நவம்பர் 28 வியாழக்கிழமை இங்கிருந்து புறப்படுகிறேன். வெள்ளி காலை கட்டுநாயக்கா. நீர் வரத் தேவையில்லை. பஸ் எனக்குத் தெரியும்.

க.க.

*

வெள்ளவத்தை
14.11.1996

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் இன்று பத்து மணிக்கு வந்தது. வாசித்த கையோடு எழுதுகிறேன். ஜவாஹிறாவின் தம்பி மத்தியானம் பெரிய தபால் கந்தோருக்குப் போகிறார், அவசரத் தபாலில் போடக் கொடுக்கிறேன். தொலைபேசியில் இதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை; கீழ்வீட்டில் எல்லாருக்கும் நடுவில் நின்று சொல்கிற கதை அல்ல.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு வந்தார்கள். மூன்று பேர். நான் பாலை அடுப்பில் வைத்துவிட்டு நின்றேன். வழமைபோல எல்லா வீட்டுக்கும் வருகிற சுற்றிவளைப்பு அல்ல. நேரே நம் வீட்டுக்கு வந்தார்கள், கையில் பெயர் இருந்தது. கனகசபாபதி எங்கே என்று கேட்டார்கள். வெளிநாட்டுக்கு, மகனிடம் என்றேன். இருவர் அலுமாரியைத் திறந்து உங்கள் சேட்டுகளை எண்ணுவது போலத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள். உங்கள் பழைய அகராதிகளைக் கொட்டினார்கள். எப்போது திரும்பி வருவார் என்றார்கள். தெரியாது என்றேன்.

மூன்றாமவன் சப்பாத்தைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வந்து நம் கதிரையில் இருந்தான். நல்ல மரியாதையான ஆள். மற்றவர்கள் முடித்ததும் எழும்பி, என்னைப் பார்த்துச் சிரித்தான். "மஹத்தயாகே அத தென் ஹொந்தத?" என்றான்.

என்னுடைய கடைச் சிங்களத்துக்கும் அது விளங்கியது. ஐயாவின் கை இப்போது சுகமா என்று கேட்கிறான்.

நீங்கள் குளியலறையில் விழுந்தது அவனுக்கு எப்படித் தெரியும்?

அவன் போன பிறகு பார்த்தால் பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது. ஜவாஹிறா மேலே ஓடி வந்து, "என்ன சென்ன அவங்க? பயந்திட்டீங்களா?" என்று கேட்டாள். பயம் அல்ல. எனக்கு வந்த கோபத்துக்கு அவன் நின்றிருந்தால் அந்தப் பால் சட்டியைத் தூக்கி எறிந்திருப்பேன். அந்தக் கோபம் அவனில் பாதி, உங்களில் பாதி.

28ஆம் திகதி ஏற வேண்டாம். வந்தீர்கள் என்றால், விமான நிலையத்தில் உங்களைப் பிடித்த பிறகு நான் பழையபடி வாசல் வாசலாய்ப் போக மாட்டேன். என்னால் ஏலாது. இதை நான் மிரட்டுவதாக எடுத்தாலும் சரி.

என்னைப் பற்றி யோசிக்க வேண்டாம். ஜவாஹிறாவின் மூத்த மகள் என்னோடு வந்து படுக்கிறாள். அவர்களுக்குத் தேவை நான் அல்ல.

பாக்கியம்

*

பாசல்
29.11.1996

அன்புள்ள பாக்கியத்துக்கு,

நேற்று அந்த விமானம் நான் இல்லாமல் போயிற்று.

உம்முடைய கடிதம் சனிக்கிழமை வந்தது. திங்கட்கிழமை காலை ஒருவருக்கும் சொல்லாமல் ட்ராம் எடுத்து அந்தக் கந்தோருக்குப் போய் வரிசையில் நின்று பதிந்தேன். கிழவன் எங்கே என்று தேடிப் பாலன் ஆற்றங்கரை எல்லாம் ஓடியிருக்கிறான். நேற்று விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். காலை ஒன்பதிலிருந்து ஒன்றரை வரை.

மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அம்மா, பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண். முப்பது வயது இருக்காது. நான் ஆங்கிலத்திலேயே சொல்கிறேன் என்றேன். தாய்மொழியில் சொல்லுங்கள் என்றார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. மற்றவனின் வாயிலிருந்து என் கதை போவது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அந்தப் பெண் நன்றாகச் செய்தாள். ஓர் இடத்தில் மட்டும் நிறுத்திவிட்டுத் தண்ணீர் கேட்டாள்.

அந்த இடத்தை உமக்கும் சொல்ல வேண்டும். ஒன்பது மாதமாகச் சொல்லாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியவில்லை. கதையைச் சொல்கிறேன்.

முதல் மூன்று நாள் என்னை அவர்கள் தொடவில்லை. எனக்கு மூன்று மொழியும் தெரியும் என்று அறிந்ததும் ஒரு கதிரை தந்தார்கள். பிடித்து வைத்திருந்த தமிழ் ஆட்கள் சொல்வதைச் சிங்களத்தில் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். வேறு என்ன செய்வது, உள்ளதை உள்ளபடி சொன்னால் அவர்களுக்கும் நல்லதுதானே என்று நினைத்தேன். அப்படி ஒரு முட்டாள் நான்.

அதில் ஒருவர் பழனிமுத்து. ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆள், நாற்பது வயது. பாமன்கடையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடுகிறவர். ஒரு நாள் இரண்டு பேர் கடையில் சாப்பிட்டுவிட்டு ஒரு பையை வைத்துவிட்டுப் போனார்கள், மாலையில் வந்து எடுத்தார்கள், தனக்கு அவர்களைத் தெரியாது. அவர் சொன்னது அவ்வளவுதான். மூன்று நாளும் அதையேதான் சொன்னார், எப்படிக் கேட்டபோதும்.

நாலாம் நாள் சிங்களத்தில் எழுதிய இரண்டு தாளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்கள். நான் எட்டி வாசித்தேன். அவர் இயக்கத்து ஆள் என்றும், பைக்குள் குண்டு இருந்தது தெரியும் என்றும், தானே வழி காட்டினார் என்றும் எழுதியிருந்தது. அவர் சொன்ன ஒரு சொல்லும் அதில் இல்லை. இவர் இப்படிச் சொல்லவில்லை என்று நான் அந்த அதிகாரியிடம் சொன்னேன். நீதிமன்றத்தில் சொல்வது போலவே எழும்பி நின்று சொன்னேன்.

பக்கத்து அறைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நடந்ததை அந்த அம்மாவுக்குச் சொன்னேன், உமக்கு எழுத மாட்டேன். உமக்கு என் தோள் தெரியும்.

திரும்பிக் கொண்டுவந்து அதே கதிரையில் இருத்தினார்கள். பழனிமுத்து என்னைப் பார்த்தார். அந்த அதிகாரிகளின் முகத்தைவிட என் முகத்தைப் பார்த்துத்தான் அவர் பயந்திருப்பார். "ஐயா, இதுல என்னங்க எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

"நீ சொன்னதுதான். கையெழுத்துப் போடு" என்றேன்.

போட்டார். எழுத்துக் கூட்டித் தன் பெயரைத் தமிழில் எழுதினார். எழுதிவிட்டு எனக்கு, "ரொம்ப நன்றிங்க ஐயா" என்றார். மிச்ச ஐந்து நாளும் என்னை ஒருவரும் அடிக்கவில்லை.

பாக்கியம், அந்த நன்றி என்ற சொல்லில்தான் அந்தப் பெண் தண்ணீர் கேட்டாள்.

ட்ராமில் வரும்போது பாலனுக்கும் சொன்னேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அதை ஏன் அப்பா சொன்னீங்கள்? நீங்களும் அவங்களோட சேர்ந்து வேலை செய்தனீங்கள் எண்டெல்லோ எழுதுவாங்கள்" என்றான். எழுதட்டும். விசா தருவார்களோ துரத்துவார்களோ எனக்குத் தெரியாது. சொல்வதென்றால் முழுவதும் சொல்வேன், இல்லையென்றால் சொல்ல மாட்டேன்.

தந்தால் உம்மைக் கூப்பிட வழி இருக்கிறதாம். பத்திரம் அனுப்பச் சொல்கிறேன். கையெழுத்து வைத்து அனுப்பும்.

உம்முடைய
க. கனகசபாபதி

*

வெள்ளவத்தை
20.12.1996

அன்புள்ள அத்தானுக்கு,

பாலனுக்கும் ஒரு வெள்ளைக்காரிக்கும் பிறகு மூன்றாவது ஆளாக எனக்குச் சொன்னீர்கள். அந்தக் கோபம் எனக்கு இருக்கிறது. இந்த வீட்டில் நான் கஞ்சி வைத்துத் தந்த ஒவ்வொரு நாளும், ஒரு மனிதனின் பெயர் உங்கள் வாய்க்குள் இருந்திருக்கிறது. பெப்ரவரியில் அதை எனக்குச் சொல்லியிருந்தால் பெப்ரவரியிலேயே நான் பாமன்கடைக்குப் போயிருப்பேன்.

இந்த மாதம்தான் போனேன். கடை முதலாளி அப்படி ஒரு ஆளே இல்லை என்றார். பின்பக்கம் பாத்திரம் கழுவுகிற மயிலம்மா என்ற மனுஷி என்னை ஒழுங்கைவரை கூட்டிக்கொண்டு வந்து, "இருக்காருங்கம்மா. உள்ளதான் இருக்காரு. சம்சாரம் மாசத்துல ஒரு வாட்டி ஜெயிலுக்குப் பாக்க வரும்" என்றாள். பத்தொன்பதாம் திகதி அவள் வருகிற நாள். சிறை வாசலில் போய் நின்றேன். வாசல்களில் நிற்க எனக்குப் பழக்கம்தானே.

இராமலெட்சுமி என்று பெயர். கொழுந்து பறிக்கிறவள். நான் யார் என்று சொன்னேன். நீங்கள் யார் என்றும் சொன்னேன். மறைக்கவில்லை. என் கன்னத்தில் அறைந்திருந்தாலும் வாங்கியிருப்பேன். அவளோ, "அவரு கையெழுத்துப் போட்டது எதுலன்னு அவருக்கு இன்னும் தெரியாதுங்க. வக்கீலு சொல்லித்தான் எனக்கே தெரியும்" என்றாள்.

அவளைக் கூட்டிக்கொண்டு பம்பலப்பிட்டியில் அந்தச் சட்டத்தரணி முத்துலிங்கத்திடம் போனேன். வழக்கில் அந்த இரண்டு தாளைத் தவிர வேறு ஒன்றும் இல்லையாம். பழனிமுத்து என்ன சொன்னார், தாளில் என்ன இருந்தது, கையெழுத்து எப்படி வாங்கப்பட்டது என்று அந்த அறையில் இருந்த மொழிபெயர்ப்பாளரே சத்தியக் கடதாசி எழுதிக் கொடுத்தால் அதை மன்றில் வைக்கலாம் என்கிறார். ஒப்புக்கொள்வார்களோ தெரியாது, ஆனால் வைக்கலாம். "அவர் இங்க இருந்தால் நான் இதைக் கேக்கவே மாட்டன். வெளியில இருக்கிறபடியால்தான் கேக்கிறன்" என்றார்.

ஆகவே எழுதுங்கோ. அங்கே சத்தியம் செய்து வைக்கிற ஒருவர் முன்னால் போய், திகதி, நேரம், அந்த அதிகாரியின் பதவி, எல்லாம் வைத்து. "நீ சொன்னதுதான்" என்று நீங்கள் சொன்னதையும் எழுத வேண்டும். அதை விட்டால் கடதாசிக்குப் பெறுமதி இல்லை என்று அவர் இரண்டு தரம் சொன்னார். தபாலில் போடாமல், வருகிற நம்பிக்கையான ஆளிடம் கொடுத்து விடுங்கோ. வழக்குத் தவணை பெப்ரவரி 17.

உங்கள் பத்திரம் வந்தது. நான் கையெழுத்து வைக்கவில்லை. இந்த வழக்கு முடியும்வரை நான் வரமாட்டேன். அது ஒரு வருடமோ நாலு வருடமோ. உங்களைத் தண்டிக்க இல்லை. தவணைக்குத் தவணை ஹற்றனிலிருந்து வருகிறவளுக்குக் கொழும்பில் தங்க ஓர் இடம் வேண்டும், சட்டத்தரணியின் வாசலில் நின்று கேட்க ஒரு வாய் வேண்டும். நான் விட்டுவிட்டு வந்து அங்கே ஆற்றங்கரையில் உங்களோடு இருந்தால் நம் இருவருக்கும் கதைக்க ஒன்றும் இருக்காது.

அந்த மரியாதையான ஆள் திரும்ப வந்தால் என்ன செய்வீர் என்று கேட்பீர்கள். இருக்கச் சொல்லித் தேத்தண்ணீர் கொடுப்பேன். பெயரைக் கேட்டு எழுதி வைப்பேன்.

இராமலெட்சுமி நேற்று இரவு இங்கேதான் தங்கினாள். காலையில் ஹற்றன் றெயினுக்கு வெளிக்கிட்டு நின்றுகொண்டு, "ஒங்க வீட்டுக்காரரு எப்படிப்பட்ட ஆளுங்கம்மா?" என்று கேட்டாள்.

"பொல்லாத கோபக்காரர்" என்றேன்.

பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப எழுதிக் குடுப்பாருங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

உங்கள்
அன்னபாக்கியம்